மூலக்கூறு வடிவம் பெற்ற வரலாறு



நாம் நாள்தோறும் அருந்தும் நீரின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் ஒட்சிசன் அணு ஒன்றும் ஐதரசன் அணுக்கள் இரண்டும் உள்ளன என்பதைச் சிறுவரும் அறிவர். இம்மூன்று அணுக்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா, அன்றி வளைந்து நிற்கின்றனவா என்று ஒருவர் வினவுவாராயின், இந்த ஆராய்ச்சியினால் யாருக்கு என்ன பயன் என்று நம்மிற் பலர் எண்ணக்கூடும். பயன் பெரிது. அவை நேர்கோட்டில் நின்றிருப்பின், மூலக்கூற்றின் ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னுஞ் சாயும் அந்தச் சாய்வு அதற்கு இராது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இன்று பற்றிநிற்கும் பற்றுத் தளர்ந்துவிடும். உப்பைக் கரைக்கும் ஆற்றல் குன்றும். நாம் அறிந்த கடலும் மழையும் இவ்வாறு இரா. நீர் வளைந்தே நிற்கின்றது. ஒட்சிசனிடத்து இரு ஐதரசன்களும் அமைக்குங் கோணம் 104.5 பாகை.

இந்த அளவு எவ்வாறு தெரியவந்தது, அதனினும் மேலாக, அது ஏன் அவ்வாறு அமைந்தது என்பனவே இன்றைய பேச்சின் பொருள். யான் கலைத்துறையிற் பட்டம் பெற்று வரலாறு கற்பித்தவன். இரசாயன ஆய்வுகூடத்தினுள் அதிபர் என்ற முறையில் மேற்பார்வைக்குச் சென்றதுண்டேயன்றி, குடுவையைக் கையிலெடுத்து வேலை செய்ததில்லை. ஆயினும் நம் உயர்தர வகுப்பு மாணவர் மனனஞ் செய்யும் ‘வலுவளவோட்டு இலத்திரன் சோடித் தள்ளுகைக் கொள்கை’ என்னும் நீண்ட பெயரின் பின்னே நூறாண்டுகளுக்கு மேற்பட்டதொரு வழக்கு உண்டு. கண்ணாற் காணவொண்ணாத ஒன்றிற்கு வடிவம் உண்டென்று சொல்ல மனிதனுக்கு உரிமை உண்டா என்பதே அவ்வழக்கு. அதனை விசாரிப்பது வரலாற்றாசிரியனுக்கும் உரிய வேலைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரசாயன அறிஞர் அணுக்களின் தொகையை எண்ணக் கற்றிருந்தனர். காபன் அணுவிற்கு நான்கு கைகள், ஒட்சிசனுக்கு இரண்டு, ஐதரசனுக்கு ஒன்று என்று வகுத்திருந்தனர். ஆனால் அக்கைகள் எத்திசை நோக்கி நீள்கின்றன என்று எவருங் கூறவில்லை. 1865 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இலண்டன் வேத்தியல் நிறுவகத்திலே ஹொவ்மன் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் சபையோர் காணும்படி மூலக்கூறுகளின் மாதிரிகளைக் காட்டினார். புல்தரையில் விளையாடும் குரோக்கே என்னும் ஆட்டத்தின் மரப்பந்துகளே அவர் எடுத்துக்கொண்ட அணுக்கள். காபன் கறுப்பு, ஐதரசன் வெள்ளை, ஒட்சிசன் சிவப்பு. இந்த நிறவழக்கு இன்றுவரை நம் பாடசாலை மாதிரிகளில் நிலைத்திருக்கின்றது. ஆனால் அவருடைய மெதேன் தட்டையானது: நடுவிற் கறுப்புப் பந்து, நாற்புறமும் ஒரே தளத்தில் நான்கு வெள்ளைப் பந்துகள். காகிதத்தில் எழுதிய சூத்திரம் மரத்தில் ஏறியதேயன்றி வேறில்லை.

காகிதத்தை விட்டு மூலக்கூறு எழுந்து நிற்கவேண்டும் என்பதற்கு முதற் சான்று அதற்கு முன்னரே கிடைத்திருந்தது. பிற்காலத்தில் விசர்நாய்க் கடிக்கு மருந்து கண்டு புகழெய்திய லூயி பாஸ்ச்சர், 1848 இல், தமது இருபத்தைந்தாம் வயதிலே, தார்த்தாரிக் அமிலத்தின் உப்பொன்றை ஆராய்ந்தார். இந்த அமிலம் திராட்சையில் உள்ளது. நம் வீட்டுப் புளியின் புளிப்பும் பெரும்பாலும் இதனாலேயே வருவது. அவ்வுப்பின் பளிங்குகள் இருவகையாக இருக்கக் கண்டார். இடக்கையும் வலக்கையும் போல, ஒன்று மற்றதன் கண்ணாடி விம்பம். அவற்றைக் கையாலே ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரு குவியலாக்கி நீரிற் கரைத்தபொழுது, ஒரு கரைசல் ஒளியின் தளத்தை வலப்புறமும், மற்றது இடப்புறமும் திருப்பியது. பளிங்கு கரைந்து மறைந்த பின்னும் இடம் வலம் என்னும் வேறுபாடு மறையவில்லையெனின், அது மூலக்கூற்றினுள்ளேயே இருத்தல் வேண்டும். தட்டையான உருவத்தைப் புரட்டி வைத்தால் அது தன் விம்பத்தோடு பொருந்திவிடும். ஆகவே மூலக்கூறு தட்டையானதன்று. பாஸ்ச்சர் இத்துணை தூரம் வந்தார், அப்பாற் செல்லவில்லை.

அப்பாற் சென்றவர் இருபத்திரண்டு வயது நிரம்பிய ஓர் ஒல்லாந்த இளைஞர். ரொட்டர்டாம் நகரிற் பிறந்த வான்ற் ஹொவ் என்பவர் 1874 செப்ரெம்பரிலே தாய்மொழியில் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பரிலே பிரான்சிய அறிஞர் லெ பெல் தாமாகவே அதே முடிவிற்கு வந்து எழுதினார். இருவரும் பாரிசிலே வூர்ட்ஸ் என்னும் பேராசிரியரின் ஆய்வுகூடத்திற் பயின்றவர்கள்.

வான்ற் ஹொவ்வின் வாதம் எளியது. இரசாயனம் அறியாதாரும் தொடரலாம். காபனின் நான்கு கைகளும் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளை நோக்கித் தட்டையாக நீள்கின்றன என்று கொள்வோம். நான்கில் இரண்டிலே குளோரீனையும் இரண்டிலே ஐதரசனையும் வைத்தால், இரு குளோரீன்களும் அடுத்தடுத்த மூலைகளிலும் இருக்கலாம், எதிரெதிர் மூலைகளிலும் இருக்கலாம். ஆகவே இரண்டு வெவ்வேறு பொருள்கள் கிடைத்தல் வேண்டும். ஆனால் உலகத்தில் அப்படிப்பட்ட பொருள் ஒன்றே உண்டு. எவரும் இரண்டாவதைக் கண்டதில்லை. இனி, மூன்று அடுப்புக் கற்களை வைத்து அவற்றின் நடுவே மேலே நாலாவது கல்லொன்றை ஏற்றினாற்போன்ற உருவத்தை மனத்திற் கொள்ளுங்கள். நான்முகி என்பது அதுவே. காபன் நடுவில் நிற்க, அதன் கைகள் இந்த நான்கு மூலைகளை நோக்கி நீளுமாயின், எந்த இரு மூலையும் ஒன்றுக்கொன்று அயல்மூலையே. எதிர்மூலை என்பது கிடையாது. பொருளும் ஒன்றே. மேலும் நான்கு மூலைகளிலும் நான்கு வெவ்வேறு கூட்டங்கள் இருக்கும்பொழுது மட்டும் இடமும் வலமுமாக இரு உருவங்கள் தோன்றும். பாஸ்ச்சர் கண்ட புதிர் இவ்வாறு அவிழ்ந்தது.

இல்லாத பொருளை எண்ணி, இருக்கும் வடிவத்தைத் துணிந்த இந்த முறையை எல்லோரும் வரவேற்கவில்லை. லைப்சிக் நகரத்துப் பேராசிரியர் கொல்பே அக்காலத்து இரசாயனத்தின் பெருந்தூண்களில் ஒருவர். அசற்றிக் அமிலத்தை மூலகங்களிலிருந்து தொகுத்துக் காட்டியவர். தாமே ஒரு சஞ்சிகையை நடத்தியவர். வான்ற் ஹொவ்வின் நூல் 1877 இல் ஜெர்மன் மொழியில் வந்ததும், அவர் தம் சஞ்சிகையிலே அனல் கக்கினார். யூட்ரெக்ட் நகரத்து மிருக வைத்தியக் கல்லூரியிற் பணிபுரியும் யாரோ ஓர் இளைஞர், முறையான ஆராய்ச்சியிற் சுவையில்லாதவராய், பறக்குங் குதிரையொன்றை அக்கல்லூரியிலேயே இரவல் வாங்கி ஏறிக்கொண்டு, வானத்திலே அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டு வந்து சொல்கின்றார் என்பது அவர் வசையின் சாரம். மிருக வைத்தியக் கல்லூரியிலே பதவி வகிப்பதுங்கூட அவர் கண்ணுக்கு ஒரு குற்றமாகத் தோன்றிற்று.

கொல்பேயை மூடர் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. பல நூல்கள் அவ்வாறே செய்கின்றன. யான் அதற்கு உடன்படேன். அவருக்கு முந்திய தலைமுறையிலே ஜெர்மனியில் இயற்கையைப் பற்றி, ஒரு பரிசோதனையுஞ் செய்யாமல், பெரும் பெரும் தத்துவக் கோட்டைகள் கட்டப்பட்டிருந்தன. அந்த மூடுபனியிலிருந்து இரசாயனத்தை மீட்டெடுத்தவர்களுள் கொல்பேயும் ஒருவர். அளக்கமுடியாததைச் சொல்லாதே என்னும் அவர் அச்சம் நியாயமான அச்சமே. அவர் காணத் தவறியது ஒன்றுண்டு: வான்ற் ஹொவ் கட்டியது வெறுங் கோட்டை அன்று. இத்தனை பொருள்கள் கிடைக்கும், இதற்குமேற் கிடையா என்று பந்தயங் கட்டி நின்ற கூற்று அது. ஒரு பொருள் கூடுதலாகக் கிடைத்திருந்தாற் சரிந்து வீழ்ந்திருக்கும். 1875 இல் அவர் கூறிய ஓர் எதிர்வுகூறல், இரு இரட்டைப் பிணைப்புகள் அடுத்தடுத்து அமைந்த சில சேர்வைகளுக்கும் இடம் வலம் என்னும் பேதம் இருக்கும் என்பது, அறுபது ஆண்டுகள் கழித்து 1935 இலேதான் பரிசோதனையில் நிறுவப்பட்டது. கொல்பே 1884 இற் காலமானார். இரசாயனத்துக்கான முதலாவது நோபல் பரிசு 1901 இல் வேறு ஆராய்ச்சிகளுக்காக வான்ற் ஹொவ்விற்கே கிடைத்தது. 1913 இலே பிராக் என்னும் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு வைரத்தின் உள்ளமைப்பை ஆராய்ந்து, ஒவ்வொரு காபனும் நான்முகியின் நடுவிலேயே இருக்கக் கண்டனர். வழக்கின் முதற் பகுதி அத்துடன் தீர்ந்தது.

ஆயினும், வடிவம் இன்னதென்று தெரிந்ததேயன்றி அது ஏன் அவ்வடிவம் என்று தெரியவில்லை. காபன் ஏன் நான்முகியை விரும்பவேண்டும்? அமோனியாவிலே நைதரசன் மூன்று ஐதரசன்களை ஏன் ஒரு கூம்பகத்தின் அடிபோல ஒரு பக்கம் சாய்த்து வைத்திருக்கவேண்டும்? நீர் ஏன் வளையவேண்டும்? நீர் வளைந்தது என்பதே பிற்காலத்தில்தான் உறுதியாயிற்று. பீற்றர் டிபாய் 1912 இல் வகுத்த கோட்பாட்டின் வழியே மூலக்கூற்றின் மின்சாய்வை அளக்க முடிந்தது. காபனீரொட்சைட்டிலே அது பூச்சியம். ஆகவே அது நேர்கோடு. நீரிலோ அது கணிசமானது, ஆகவே வளைவு.

ஏன் என்னும் கேள்விக்கு வழி திறந்தவர் அமெரிக்கராகிய கில்பேட் லூயிஸ். 1902 இல், ஹாவாட் பல்கலைக்கழகத்திலே தொடக்க வகுப்பு மாணவருக்கு மூலகங்களின் ஆவர்த்தன ஒழுங்கை விளக்க முயன்றபொழுது, அணுவின் வெளிப்புற இலத்திரன்கள் ஒரு கனவுருவின் எட்டு மூலைகளில் அமர்ந்திருப்பதாக அவர் படம் வரைந்தார். பெரிய கொள்கைகள் சில, மாணவருக்கு விளங்கவைக்க வேண்டுமென்ற நெருக்கடியிற் பிறந்தவை என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்போர் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்ளலாம். 1916 இலேதான் அவர் அதனை விரித்து வெளியிட்டார். இரு அணுக்கள் ஒரு சோடி இலத்திரன்களைப் பொதுவில் வைத்துக்கொள்வதே பிணைப்பு என்றார். எட்டு இலத்திரன்களும் இரண்டிரண்டாகக் கூடி நான்கு சோடிகளாகும்பொழுது கனவுரு நான்முகியாக மாறுவதையும் அவரே சுட்டினார். ஒத்த மின்னேற்றங் கொண்டவை ஒன்றையொன்று தள்ளுமேயன்றிக் கூடுவதேன் என்ற ஐயத்துக்கு அப்பொழுது விடையில்லை. 1925 இல் பௌலி வகுத்த தவிர்க்கைத் தத்துவமும், இலத்திரனுக்குத் தற்சுழற்சி உண்டென்ற கண்டுபிடிப்பும் வந்த பின்னரே அதற்கு விடை கிடைத்தது. எதிர்ச் சுழற்சியுடைய இரண்டு இலத்திரன்கள் ஓரிடத்திற் கூடலாம். ஒரே சுழற்சியுடையவை விலகியே நிற்கும்.

இங்கே ஒரு நுட்பத்தை நேயர்கள் கவனிக்கவேண்டும். மெதேனில் காபனைச் சூழ்ந்த நான்கு சோடிகளும் நான்கு ஐதரசன்களைப் பிணைக்கின்றன. அமோனியாவிலும் நைதரசனைச் சூழ்ந்து நான்கு சோடிகளே உள. ஆனால் அவற்றுள் மூன்றே பிணைப்பிற்குப் பயன்படுகின்றன. நாலாவது எதனையும் பிணைக்காது தனியே நிற்கின்றது. நீரில் இரண்டு சோடிகள் பிணைக்கின்றன; இரண்டு வாளாவிருக்கின்றன. இத்தகையவற்றைத் தனிச்சோடி என்பர். பிணைப்பைப் பற்றியே கவலைப்பட்ட அறிஞர் இந்தத் தனிச்சோடியைப் பொருட்படுத்தவில்லை. எதனையுந் தாங்காத தூணை யார் எண்ணுவார்?

எண்ணவேண்டும் என்று முதலிற் கூறியவர்களுள் ஒருவர் ஜப்பானிய அறிஞர் சுச்சிடா. அவர் 1939 இலே இக்கருத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டிலே, அவருடைய முயற்சியைச் சாராமல், ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த சிட்ஜ்விக்கும் பவலும் இலண்டன் வேத்தியற் கழகத்தின் பேக்கேரியன் சொற்பொழிவாக இதனை எடுத்துரைத்தனர். சிட்ஜ்விக் வியப்புக்குரிய மனிதர். ஒக்ஸ்போட்டில் 1895 இல் விஞ்ஞானத்தில் முதல் வகுப்புச் சித்தி. இரண்டாண்டின் பின் கிரேக்க, இலத்தீன் இலக்கிய தத்துவங்களிலும் முதல் வகுப்பு. கலைக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையே மதில் எழுப்புவோர் அவரை நினைத்துக்கொள்வது நன்று. நடுவயதுவரை பெரிதாக ஒன்றுஞ் சாதியாதிருந்த அவர், 1914 இலே ஆஸ்திரேலியாவிற்குக் கப்பலிற் செல்லும்பொழுது உடன் பயணஞ் செய்த ரதபோட்டின் நட்பினால் அணுவமைப்பின்பாற் கவனந் திருப்பினார். பவல் பளிங்குகளை எக்ஸ் கதிரால் ஆராய்வதில் வல்லவர். அன்றுவரை வடிவம் அறியப்பட்ட சேர்வைகளை எல்லாம் இருவரும் திரட்டி வரிசைப்படுத்திப் பார்த்தபொழுது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. வடிவத்தைத் தீர்மானிப்பது பிணைப்புகளின் தொகை அன்று. மைய அணுவின் வெளி ஓட்டிலுள்ள சோடிகளின் மொத்தத் தொகையே, வேலை செய்யும் சோடி, செய்யாத சோடி என்ற பேதமின்றி. போர் மூண்டிருந்த காலம். அறிஞர் பலர் வேறு பணிகளுக்கு அழைக்கப்பட்டிருந்தனர். கருத்து அச்சிலே உறங்கியது.

அதனைத் தட்டியெழுப்பியவர்கள் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கற்பித்த இருவர். ஒருவர் இலண்டனிற் பிறந்த றொனால்ட் கில்லெஸ்பி. மற்றவர் றொனால்ட் நைஹோம், ஆஸ்திரேலியாவின் புறோக்கன் ஹில் என்னும் சுரங்க நகரில் 1917 இற் பிறந்தவர். அந்நகரின் வீதிகளுக்குக் குளோரைட்டு வீதி, சல்பைட்டு வீதி, ஒட்சைட்டு வீதி, புரோமைட்டு வீதி என்றே பெயர். அங்கே நடைபழகிய பிள்ளை இரசாயன அறிஞராகாமல் வேறு யாது ஆகும்! இருவரும் 1957 இலே இலண்டன் இரசாயனக் கழகத்தின் சஞ்சிகையொன்றில் ஏறத்தாழ நாற்பது பக்கத்திற் கட்டுரை வரைந்தனர். கொள்கைக்கு இன்று வழங்கும் நீண்ட பெயரைக் கில்லெஸ்பி 1963 இற் சூட்டினார்.

கொள்கையின் அடிப்படை இதுதான். மைய அணுவைச் சூழ்ந்த இலத்திரன் சோடிகள் ஒன்றையொன்று தள்ளி, இயன்றவரை எட்ட எட்ட நிற்கும். வீட்டிலே பிள்ளைகள் இருப்பின் பலூன்களைக் கொண்டு இதனைச் செய்து பார்க்கலாம். ஒரே அளவாக ஊதிய இரண்டு பலூன்களை வாயோடு வாய் சேர்த்துக் கட்டினால் அவை எதிரெதிர்த் திசையில் நீளும். மூன்றைக் கட்டினால் முக்கோணமாய்த் தட்டையாக விரியும். நான்கைக் கட்டினாலோ, நீங்கள் ஏதுஞ் செய்யாமலே, வான்ற் ஹொவ்வின் நான்முகி உங்கள் கையில் இருக்கும். தட்டையாக அழுத்திவிட்டாலும் கையை எடுத்தவுடன் மீண்டும் எழுந்துகொள்ளும். ஐந்திற்கு, இரு முக்கோணக் கூம்பகங்களை அடியோடு அடி சேர்த்த உருவம். ஆறிற்கு எண்முகி: முன் பின், இடம் வலம், மேல் கீழ்.

இதுவரை சிட்ஜ்விக் கூறியதே. கில்லெஸ்பியும் நைஹோமும் சேர்த்த புதுமை, எல்லாச் சோடியும் சமமன்று என்பது. பிணைப்புச் சோடியை இரு அணுக்கருக்கள் இருபுறமும் நின்று இழுக்கின்றன. ஆகவே அது மெலிந்து நீண்டு நிற்கும். தனிச்சோடியை ஒரே கரு இழுக்கின்றது. அது கருவை அண்டிப் பருத்துப் பரந்து கிடக்கும். அதன் தள்ளுகை அதிகம். உழைப்பிற் பங்குகொள்ளாதவர் திண்ணையில் அதிக இடம் பிடிப்பதைக் கூட்டுக்குடும்பங்களிற் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. தனிச்சோடியே இல்லாத மெதேனிற் கோணம் 109.5 பாகை. தனிச்சோடி ஒன்றுள்ள அமோனியாவில் அது மற்றைய மூன்றையும் நெருக்குதலாற் கோணம் ஏறத்தாழ 107. இரண்டுள்ள நீரில் 104.5. நாம் தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு விடை இதுவே. நீரை வளைத்து வைத்திருப்பவை, பிணைப்பில் யாதொரு தொழிலும் இல்லாத அந்த இரண்டு சோடிகள்.

அமோனியாவின் ஐதரசன்களுக்குப் பதிலாகப் புளோரீனை வைத்தால், புளோரீன் இலத்திரனைத் தன்பால் ஈர்ப்பதில் வன்மை மிக்கது ஆதலின், பிணைப்புச் சோடிகள் நைதரசனை விட்டு அகன்று மெலியும், அவற்றின் தள்ளுகை குறையும், கோணம் சிறுக்கும். அளந்தால் 102 பாகை. குளோரீன் முப்புளோரைட்டு இதனினும் வேடிக்கையானது. மூன்று புளோரீன் என்றவுடன் முக்கோணம் என்றே நினைப்போம். ஆனால் குளோரீனைச் சூழ்ந்து ஐந்து சோடிகள், இரண்டு தனிச்சோடிகள். அவை இடம் அகன்ற நடுத்தளத்தைப் பிடித்துக்கொள்ள, மூன்று புளோரீன்களும் ஆங்கில எழுத்துக்களுள் ‘ரீ’ என்பதன் உருவில் நிற்கின்றன. அந்த எழுத்தின் இரு கைகளுங்கூடச் சற்று வளைந்திருக்கின்றன. கோணம் தொண்ணூறு அன்று, எண்பத்தேழரை.

அறிந்த வடிவங்களுக்குக் காரணம் சொல்வது ஒன்று. அறியாத வடிவத்தை முன்கூட்டிச் சொல்வது வேறொன்று. கொல்பே உயிரோடிருந்தால் இரண்டாவதையே கேட்டிருப்பார். அந்தச் சோதனை ஐந்து ஆண்டுகளிலேயே வந்தது. வளிமண்டலத்தில் மிக அருகிக் காணப்படும் செனன் முதலிய வாயுக்கள் எதனோடுஞ் சேராதவை என்றே பாடநூல்கள் எல்லாம் கூறின. அவற்றின் வெளி ஓடு நிறைந்துவிட்டது. வேறு யாதுந் தேவையில்லை என்பது லூயிஸ் காலத்து முடிவு. 1962 மார்ச் 23 ஆந் திகதி, கனடாவின் வன்கூவர் நகரில், இருபத்தொன்பது வயதினரான நீல் பாட்லெற் என்பவர், பிளாற்றினம் அறுபுளோரைட்டு என்னும் கொடிய வாயுவைச் செனனோடு கலந்தார். அவ்வாயு ஒட்சிசனிடமிருந்தே இலத்திரனைப் பறிக்க வல்லது என்பதை அவர் முன்னரே கண்டிருந்தார். செனனிடமிருந்து இலத்திரனைப் பறிப்பதும் ஏறத்தாழ அதேயளவு கடினமே என்பது அவர் நினைவுக்கு வந்ததே இம்முயற்சிக்குக் காரணம். இரு வாயுக்களுங் கூடியவுடன் மஞ்சள் நிறத் திண்மம் படிந்தது. அந்த ஒரு நாளிற் பாடநூல்கள் பழையனவாயின. அதே ஆண்டிலே சிக்காகோவின் அயலிலுள்ள ஆகன் தேசிய ஆய்வுகூடத்திற் செனனும் புளோரீனும் நேரே சேர்க்கப்பட்டுச் செனன் நாற்புளோரைட்டு உண்டாயிற்று.

அதன் வடிவம் யாது? நான்கு கைகள் என்றவுடன் மெதேனை நினைந்து நான்முகி என்று சொல்லத் தோன்றும். சோடிகளை எண்ணிப் பார்ப்போம். செனனின் வெளி ஓட்டில் எட்டு இலத்திரன்கள். புளோரீன் நான்கும் கொணர்பவை நான்கு. ஆகப் பன்னிரண்டு, அஃதாவது ஆறு சோடிகள். எண்முகி. அவற்றுள் நான்கு பிணைப்பு, இரண்டு தனி. தனிச்சோடிகள் ஒன்றையொன்று மிகவுந் தள்ளுவன ஆதலின் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக விலகும். நான்கு புளோரீன்களும் நடுத்தளத்திலே சதுரமாக நிற்றல் வேண்டும். 1963 இல் அளந்து பார்த்தனர். சதுரமே. ஹொவ்மன் மெதேனுக்குக் கொடுத்து, வான்ற் ஹொவ் மறுத்த அதே தட்டை வடிவம், நூறாண்டு கழித்துத் தனக்குரிய இடத்தைக் கண்டது.

கடினமான வழக்கு செனன் அறுபுளோரைட்டினது. ஆறு பிணைப்பு, ஒரு தனிச்சோடி, மொத்தம் ஏழு. குவாண்டம் முறையிற் கணித்த அறிஞர் சிலர் அது ஒழுங்கான எண்முகியே என்றனர். அவர்களிடம் வலிய கணிதம் இருந்தது. கில்லெஸ்பியிடம் இருந்தது எண்ணிக்கையும் பலூனும் மட்டுமே என்று சொல்லலாம். ஏழாவது சோடி எங்கேனும் இடங் கொள்ளவேண்டும், ஆகவே எண்முகி கோணலாகும் என்று அவர் நின்றார். பாட்டெல், கவின் என்னும் இருவர் அவ்வாயுவின்மீது இலத்திரன் கற்றையைச் செலுத்தி ஆராய்ந்து 1968 இல் வெளியிட்ட முடிவு அவர் பக்கமே சாய்ந்தது. எண்முகி கோணலாகத்தான் இருந்தது. அதுவும் ஓரிடத்தில் நில்லாது, கோணல் இடம் மாறிக்கொண்டே இருந்தது.

இத்துடன் நிறுத்திவிட்டாற் கதை இனிதே முடியும். ஆனால் மாணவர் வினாத்தாளில் அவ்வாறு முடிந்துவிடுவதே எனக்குக் குறையாகப் படுகின்றது. தெலூரியம் என்னும் மூலகம் ஆறு குளோரீன்களைச் சூழ வைத்து இரட்டை எதிர்மின்னேற்றம் பெற்ற ஓர் அயனை ஆக்கும். அங்கும் ஏழு சோடிகளே. எனினும் அது நேர்த்தியான எண்முகி; ஏழாவது சோடி இடங் கேட்கவில்லை. பருத்த குளோரீன்கள் ஆறும் நெருங்கி நிற்பதால் அதற்கு வெளியே தலைநீட்ட இடமில்லை என்பர். பேரியம் புளோரைட்டு வாயுநிலையில் நேர்கோடாக இருக்கவேண்டும் என்று கொள்கை சொல்லும், அது வளைந்திருக்கின்றது. இரும்பு, செம்பு, கோபாற்று முதலிய தாண்டல் மூலகங்களின் சேர்வைகளுக்கு இக்கொள்கை பெரும்பாலும் உதவாது. நைஹோம் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டது அத்தகைய சேர்வைகளிலேதான் என்பது வரலாற்றின் சிறு குறும்பு.

‘தள்ளுகை’ என்னும் சொல்லையும் நாம் எச்சரிக்கையோடு கையாளல் வேண்டும். இரு காந்தங்கள் தள்ளுவது போல மின்னேற்றந் தள்ளுவதே முதற் காரணம் என்று மாணவர் எழுதுகின்றனர். ஆசிரியர் சிலர் அதற்குப் புள்ளியும் இடுகின்றனர். 1957 கட்டுரையிலேயே அதன் ஆசிரியர்கள் பௌலியின் தவிர்க்கைத் தத்துவத்தையே அடிப்படையாகக் கொண்டனர். ஒரே சுழற்சியுடைய இலத்திரன்கள் விலகி நிற்பது மின்விசையால் மட்டும் அன்று. அது இலத்திரனின் இயல்பிலேயே அமைந்த விதி. இந்த விதியை மாணவர்க்கு ஓரளவேனும் உணர்த்தாமல், பலூனோடு நிறுத்திவிடுவது அரைப் பாடமே. அதற்காகப் பலூனைக் கைவிடவேண்டும் என்று யான் சொல்லமாட்டேன். சாதாரண மாணவன் ஒருவன் சில கணத்திற் சோடிகளை எண்ணிச் செனன் நாற்புளோரைட்டின் வடிவத்தைச் சரியாகச் சொல்லிவிடுகின்றான். அவ்விடையைக் கணிதத்தாற் பெறுவதற்கு அக்காலத்திற் கணனிகளும் பட்டதாரிகளும் வேண்டியிருந்தனர்.

பாடசாலை இரசாயனக் கல்வியைச் சீர்திருத்த பிரித்தானியாவில் எழுந்த நஃபீல்ட் திட்டத்தில் முன்னின்று உழைத்தவர் நைஹோம். 1971 டிசம்பரிலே, ஐம்பத்துநாலாம் வயதில், வீதி விபத்தொன்றில் அவர் உயிர்நீத்தார். கில்லெஸ்பி 1958 இலேயே கனடாவின் ஹமில்ட்டன் நகரத்து மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்திற்குச் சென்றுவிட்டார். அங்கே அவருடன் பணிபுரிந்த பேடர் என்னும் அறிஞர், மூலக்கூற்றினுள் இலத்திரன் அடர்த்தி எங்கே திரள்கின்றது, எங்கே ஐதாகின்றது என்று கணனியாற் கணித்துப் படம் வரையும் முறையொன்றை வகுத்தார். 1980 களில் இருவரும் சேர்ந்து அம்முறையைத் தனிச்சோடியுள்ள மூலக்கூறுகளுக்குப் பிரயோகித்தனர். சோடிகள் நிற்பதாகப் பலூனை வைத்துச் சொல்லப்பட்ட இடங்களிலே, பிணைப்பு இல்லாத பக்கத்திலும், இலத்திரன் திரட்சி இருப்பதை அப்படங்கள் காட்டின. அத்திரட்சி பிணைப்புப் பக்கத்துத் திரட்சியிலும் அகன்று பருத்திருந்தது. கில்லெஸ்பி 2021 பெப்ரவரியிலே, தொண்ணூற்றாறு வயதிற் காலமானார்.